வண்டி இறங்காத வாரம்

ஜூன் 10, செவ்வாய்

டயாலிசிஸ் வார்டு நர்ஸ் விமலா, உங்கள் வீட்டுக்காரர் தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று எழுதி வையுங்கள் என்று சொன்னாள். அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். மகள் ஷெரினுக்குத் திருப்பூர் கம்பெனியில் கொடுத்தது. பொங்கலுக்கு வந்தபோது விட்டுப் போனாள். பக்கம் பெரிதாக இருக்கிறது. தண்ணீர்க் கணக்கு ஒரு வரிக்கு மேல் வராது.

இன்றைக்கு மூன்று டம்ளர். மூன்றாவதை நான் கொடுக்கவில்லை. இவராக எடுத்துக் குடித்தார்.

காலையில் மலை இறங்கினோம். செவ்வாயும் வெள்ளியும் பொள்ளாச்சியில் டயாலிசிஸ். ஊசி ஏற்றும் கையால் பாரம் தூக்கக் கூடாது, ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று சொன்னதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஆயுள் முழுக்க ஃபிட்டராக இருந்த மனிதர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். வண்டியே இவர் கையில் வளர்ந்ததுதான். எஸ்டேட் மேனேஜர்கள் ஓட்டித் தேய்த்துவிட்டு ஏலத்தில் விட்டார்கள். யாரும் கேட்கவில்லை. இவர் எடுத்தார். அப்போது உடம்பு நன்றாக இருந்தது.

டாக்டர், ஷெரின் விஷயம் பேசினார். ரத்த வகை சேருகிறதாம். இருபத்தேழாம் தேதி கோயம்புத்தூரில் மற்றப் பரிசோதனைகள். எல்லாம் சரியாக வந்தால் அவளுடைய கிட்னி ஒன்றை இவருக்கு வைக்கலாம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள். ஷெரின் தானாகத்தான் முன்வந்தாள். நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதற்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது அட்டகட்டிக்கு மேலே நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். நாளைக்குக் காப்பகத்துக்கு லீவு போட முடியாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை யார் பார்ப்பது.

ஜூன் 13, வெள்ளி

கீழே போய் வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு டம்ளர்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும் போனேன். அசதியாக இருக்கிறது, நீ போய் வா என்றார். திரும்பி வந்தபோது குளித்து, வேட்டி மாற்றி உட்கார்ந்திருந்தார். ஒத்தாசை இல்லாமல் இவராகக் குளித்து எவ்வளவோ நாளாயிற்று. சட்டை வாளியில் ஊறிக் கிடந்தது. முதுகுப் பக்கம் முழுக்கச் சேறு. கொல்லையில் வழுக்கிவிட்டது என்றார். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன், அடி எதுவும் இல்லை. உள்ளங்கை மட்டும் கன்றியிருந்தது. ஊசி ஏற்றும் கை. அந்தக் கையை எதற்கு ஊன்றினீர்கள் என்று சத்தம் போட்டேன். 

உப்பில்லாத ரவைக் கஞ்சியை முழுதும் குடித்தார். அதிசயம்.

ஜூன் 16, திங்கள்

இவருடைய துண்டை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசியும் அந்த நாற்றம் போகவில்லை. அழுகின முட்டை மாதிரி ஒரு எண்ணெய் வாடை. வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டேன். இரண்டரை டம்ளர்.

ஜூன் 17, செவ்வாய்

கீழே போகவில்லை.

கவர்க்கல்லில் பனி இறங்கி, வண்டி மூக்குக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். அதற்கு முன்பாக இவர் நிறுத்து என்றார். எதற்கு என்றேன். பின்னால் சத்தம் வருகிறது, டிஃபரன்ஷியல் போகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மழைச் சத்தமாக இருக்கும், மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்றேன். ஹேண்ட் பிரேக் மேல் கையை வைத்துவிட்டார்.

“எறங்காத அமலா. வளைவுல சக்கரம் பிடிச்சுக்கிச்சுன்னா ரெண்டு பேரும் போயிருவோம். திருப்பு.”

என்னிடம் இவர் இவ்வளவு நீளமாகப் பேசியே வெகு நாளாயிற்று. திருப்பினேன்.

பாதி வழியில் எனக்கும் கேட்டது. முதலில் கொசு பாடுகிற மாதிரி. பிறகு நாய் ஊளையிடுகிற மாதிரி. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஏறுகிற மேட்டில் அடியிலிருந்து ஒரு பெரிய அடி விழுந்தது. வண்டி நின்றுவிட்டது. லைனில் இருந்தவர்கள் வந்து தள்ளி, எங்கள் ஷெட்டில் சேர்த்தார்கள். டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினிலிருந்து வருகிற சுற்றை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. அது போனால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நகராது. இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இவர் காது அப்படி. எனக்குக் கேட்பதற்கு முன்னாலேயே இவருக்குக் கேட்டுவிடுகிறது.

ஜூன் 18, புதன்

வால்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஹக்கீமைக் கூப்பிட்டேன். மழையோடு வந்து அடியில் படுத்துப் பார்த்தார். உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள், கிரவுன், பினியன் இரண்டும் போய்விட்டது, புதிது இந்த வண்டிக்கு எங்கும் கிடைக்காது, கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் முழுப் பெட்டியாகத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றார். உள்ளே வந்து இவரிடமும் சொன்னார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இந்த வண்டிக்கு இனிமேல் செலவு வேண்டாம், எடைக்குப் போட்டுவிடு என்றார். ஹக்கீம் என் முகத்தைப் பார்த்தார். தேடுங்க தம்பி என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பஸ்ஸில் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து எழுப்பி ஏற்றினேன். போகும்போது உட்கார இடம் கிடைத்தது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது கூட்டம். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். ஒவ்வொரு வளைவிலும் இவர் தலை கம்பியில் மோதியது. என் கையை இடையில் வைத்துக்கொண்டு நின்றே வந்தேன். இறங்கியதும் கால் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சிலேயே மழை விடும்வரை படுத்திருந்தார். என்னைப் பார்த்து, இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு என்றார். முந்தானையால் இவர் தலையைத் துடைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

ஹக்கீம் பழைய பெட்டியைக் கழற்றி இறக்கினார். நான் டார்ச் பிடித்தேன். பின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை. பல்லெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து நுனி உதிர்ந்து கிடந்தது. ஹக்கீம் பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். ஒழுகியிருந்தால் மண் அப்பி ஈரமாக இருக்கும். காய்ந்து கிடந்தது.

“சீலெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆயில் எங்க போச்சுன்னு தெரியல.”

பிறகு அடியில் இருந்த ஆயில் இறக்குகிற நட்டைத் தொட்டார். ஸ்பேனர் இல்லாமலே கையோடு கழன்று வந்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.  

பழைய வண்டி. எங்கேயாவது ஒழுகியிருக்கும்.

சாயங்காலம் கொல்லையைச் சுத்தம் செய்தேன். விறகுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பாவில் கறுப்பு எண்ணெய் இருந்தது, அதே அழுகின முட்டை வாடை. சரிவில் கொட்டிவிட்டு டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மழைக்காலத்தில் இந்த மாதிரி டப்பாக்களில்தான் கொசு முட்டை வைக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஷெரின் போன் செய்தாள். இருபத்தேழாம் தேதிக்கு லீவு சொல்லிவிட்டாளாம். அப்பாவை விட்டுவிட்டு நீ வர வேண்டாம், நானே கோயம்புத்தூர் போய்க்கொள்கிறேன் என்றாள். பேசி வைத்திருக்கிற பையன் வீட்டில் சொல்லிவிட்டாயா என்றேன். அப்புறம் சொல்லிக்கலாம்மா என்றாள். சொன்னால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் இருக்கும்போல. அப்படி நிறுத்துகிறவர்கள் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள். ஒரு கிட்னியோடு பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்டரே சொன்னார்.

பேசிக்கொண்டிருந்தபோது இவர் தூங்கவில்லை. கண் மூடியிருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

வாடகை ஜீப் சொல்லியிருந்தேன். காலையிலேயே வந்து ஹாரன் அடித்தது. சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். இவர் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இழுத்தேன். என்னால் முடிந்தவரை இழுத்தேன். இவ்வளவு பலம் இந்த உடம்பில் எங்கே மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. ஜீப்காரர் கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டு, நான் கிளம்புறேங்கம்மா என்றார்.

ஹக்கீம் நேற்று உக்கடம் போய் ஒரு பெட்டியைப் பிடித்துவிட்டாராம். நாளை கொண்டுவருகிறார்.

இவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. எழும்பி வர நேரமாகிறது.

ஜூன் 25, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஹக்கீம் பெட்டியோடு வந்தார். திறந்து காட்டினார். பல் நன்றாக இருக்கிறது. ஒரு பேரிங் மட்டும் கரகரவென்று இருந்தது. ஆனால் புஷ் எல்லாம் போயிருந்தது. இந்தப் பெட்டி வண்டியின் சட்டத்தில் மூன்று இடத்தில் தொங்குகிறது. மூன்றிலும் இரும்பு வளையத்துக்குள் கெட்டி ரப்பர் இருக்கும், அதுதான் புஷ். பெட்டியின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். இதில் ரப்பர் வெடித்து, விரலை விட்டால் மறுபக்கம் வந்தது. ஹக்கீம் புது புஷ் வாங்கி வந்திருந்தார்.

பழையதைக் கேஸ் பர்னரால் எரித்து எடுத்தார். ரப்பர் கரும்புகை ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போனது. உள்ளே இவர் இருமுகிற சத்தம். நான் போய்க் கதவைச் சாத்தினேன். உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வார்டுக்குப் போன் செய்தேன். உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். சொன்னேன். தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

திரும்பி வந்தபோது ஹக்கீம் புது புஷ்ஷை வளையத்தின் வாயில் வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். கோணலாகப் போயிற்று. பிடுங்கி மறுபடி வைத்து அடித்தார். நாலாவது அடியோ ஐந்தாவதோ, கதவு திறந்தது.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி சரியாகக் கட்டவில்லை.

“அடிக்காத ஹக்கீமு. புதுசப் போய் அடிச்சு எறக்குறியே, ரப்பர் கிழிஞ்சிரும். போல்ட்டப் போட்டு இழு.”

அதைச் சொல்லி முடிக்கவே இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உள்ளே கூட்டிப் போகலாம் என்று பார்த்தால் ஷெட்டைப் பார்த்து நடக்கிறார். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். தன் டூல்ஸ் பெட்டியிலிருந்து நீளமான போல்ட் ஒன்றையும் கனத்த வாஷர்களையும், அளவான குழாய்த் துண்டையும் எடுக்கச் சொன்னார். குழாயை மறுபக்கம் வைத்து, போல்ட்டை நடுவில் விட்டு, நட்டை இறுக்கினால் புஷ் தானாக உள்ளே போகும். கிரீஸ் தொடக் கூடாது, ரப்பர் ஊதிவிடும், சோப்புத் தண்ணீர் தடவு என்றார். துணி துவைக்கிற சோப்பைக் கரைத்துக் கொண்டுவந்தேன். ஹக்கீம் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். ஸ்பேனரை நான் பிடித்தேன். நான் திருகத் திருக, புஷ் கொஞ்சம் கொஞ்சமாக நேராக இறங்கியது. போதும் என்று இவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். இவர் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. இந்த வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்றும் ஏறிய பிறகு ஹக்கீம் பேரிங் வாங்க ஊருக்குப் போனார். இவரும் நானும் அந்தப் பெட்டியும்தான் ஷெட்டில்.

“ஆயில நான்தான் எறக்கிவிட்டேன்” என்றார்.

“தெரியும்.”

“எப்பத்துலருந்து?”

“துண்டு தொவச்சப்பவே.”

 இந்தக் கையோடு வண்டிக்கு அடியில் எப்படிப் போனார், எப்படி வெளியே வந்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்டது வேறு.

“வண்டியில நானும்தானே இருந்தேன்?”

“அதுக்குத்தான் வளைவுக்கு முன்னாடியே நிறுத்தச் சொன்னேன்.”

எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எரியக்கூட இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னார். “பாப்பா ஒடம்புல கத்தி வெக்கக் கூடாது அமலா. ஆஸ்பத்திரியிலயே வேணாம்னு சொன்னேன். நீ டாக்டர் பக்கம் திரும்பிக்கிட்ட.”

பத்தாம் தேதிப் பக்கத்தில் இவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை.

“நான் கீழயே வரலேன்னா அந்தப் பேச்சு எடுக்க ஆளு இருக்காது. கொஞ்ச நாள்ல எல்லாம் முடிஞ்சுரும். பாப்பா அழுதுட்டு அவ பாட்டுக்கு இருந்துக்குவா.” மூச்சு வாங்கினார். “பாப்பாவ விட்டுரு. நான் மிஷினுக்கு வர்றேன். இந்த ஒடம்பு எது வரைக்கும் ஓடுதோ ஓடட்டும். மாட்டேன்னு சொல்லல.”

 ஷெரினுக்கு இருபத்தாறு வயது. இவரில்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்பதையும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்க முடியவில்லை. ஒன்று வரும்போது இன்னொன்று போய்விடுகிறது.

ஹக்கீம் பேரிங்கோடு வந்தார். இவர் தன் விரலால் சுற்றிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கச் சொன்னார். சிவப்புப் பெயிண்ட்டைப் பல்லில் தடவிச் சுற்றி, எங்கே படிகிறது என்று பார்த்தார்கள். பல்லின் நடுவில் படிந்திருந்தது. சரி என்றார்.

தண்ணீர் எழுத மறந்துவிட்டேன். அரை டம்ளர்கூட இருக்காது. கேட்கவே இல்லை.

ஜூன் 26, வியாழன்

பெட்டியை ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு இரண்டு பேர் ஜாக்கி மேல் வைத்துத் தாங்கிக்கொள்ள, ஹக்கீம் அடியில் படுத்துப் போல்ட் போட்டார். எல்லாவற்றையும் கை இறுக்கத்தில் விடு, வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்கு, இல்லையென்றால் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயிலை நான் ஊற்றினேன். மேல் துளையில் வழிகிறவரை. ஹக்கீம் நட்டை இறுக்கிவிட்டு, அண்ணே, நீங்களே ஒரு தடவை பாத்துருங்க என்று ஸ்பேனரை இவரிடம் நீட்டினார். வேண்டாம் என்றார். ஹக்கீம் வேண்டுமென்று கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, தெரியவில்லை.

ஹக்கீம் டீ ஃபேக்டரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

இப்போதே போகலாம் என்றேன். நாளைக்குத்தான் என்றார் இவர். நான் இன்னும் பதில் சொல்லவில்லையே. அதற்குத்தான் காத்திருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

வண்டியை ஃபேக்டரி திருப்பத்தில் நிறுத்தினேன். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். ஷெரின் எடுத்தாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறப் போகிறேன் என்றாள்.

“போகாத பாப்பா.”

“ஏம்மா, தேதி மாத்திட்டாங்களா?”

“இல்ல. வேணாம். ஆபரேஷன் வேணாம். ரூமுக்குத் திரும்பிப் போ.”

 கண்டக்டர் கூவுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“உனக்கு அப்பா வேணாமாம்மா?”

போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். இவர் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். பேசவில்லை. என்ன சொல்கிறாள் என்றேன். வைத்துவிட்டாள் என்றார். எப்போது வைத்தாளோ.

இறங்கினோம். வார்டில் விமலா இவர் காலைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றாள். வண்டி ரிப்பேர் என்றேன். டாக்டர், இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது, இந்த இடைவெளி நிறையச் சேதம் செய்துவிட்டது என்றார். மிஷினை மெதுவாக ஓட விட்டார்கள். ஷெரின் விஷயத்தைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் வேண்டாம் என்று சொன்னார். இந்த முறை நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

போய் வந்தோம். சொன்னபடி எழுந்து வந்து வண்டியில் உட்கார்ந்தார். ஷெரின் போன் எடுப்பதில்லை. ஒன்றரை டம்ளர்.

ஜூலை 8, செவ்வாய்

மிஷினில் இருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பியது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, ஆபீஸில் சொல்ல வேண்டும். அரிசி வாங்க வேண்டும்.

ஜூலை 12, சனி

இவர் இன்றைக்குக் கொஞ்சம் பேசினார். ஷெரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒர்க்‌ஷாப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்து, ஆயில் தொட்டியில் செருப்பை விட்டதைச் சொன்னார். அந்தச் செருப்பை என்னிடம் காட்டாமல் பெட்ரோலில் கழுவிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று அடக்கம் முடிந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு மாறிப் போகும்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து ஏறினோம். மழை விட்டு வெளிச்சமாக இருந்தது. ஆழியாறு செக்போஸ்ட்டில் நின்றபோது தண்ணீர் கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். அளக்கவில்லை. வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும், எடது பக்கம் லேசா இழுக்குது, காத்து பாரு என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் தூங்குகிறார் என்று நினைத்தேன். பாதி மலைக்கு மேலே ஒரு லாரிக்கு வழிவிட நிறுத்தினேன். எஞ்சின் அணைந்துவிட்டது. அப்போதுதான் இவர் மூச்சு விடுகிற சத்தம் இல்லை என்று தெரிந்தது. கழுத்தில் கை வைத்தேன். மூக்கருகே வைத்தேன்.

லாரி போய்விட்டது. கீழே திரும்பினால் ஆஸ்பத்திரி, அப்புறம் குளிர்பெட்டி, அப்புறம் ஆம்புலன்ஸ். மேலே போனால் வீடு. சேலை முந்தானையைக் கிழித்து, இவர் தலை சாயாமல் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். வண்டியை எடுத்தேன். வளைவுகளை மெதுவாகத் திருப்பினேன். எதிரே வந்த பஸ் டிரைவர் தெரிந்தவர், இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் ஹாரன் அடித்தேன். வண்டி ஒரு உதறல் இல்லாமல் ஏறியது. அழவில்லை. பாதை தெரிய வேண்டுமே.

லைனுக்கு முன்னால் வந்து எஞ்சினை அணைத்த பிறகு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஹக்கீம்தான் என் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறார்கள்.

ஜூலை 26, சனி

ஷெரின் இன்று கிளம்பினாள். இந்த ஒரு வாரமும் வந்தவர்களோடு எல்லாம் பேசினாள். எனக்குச் சோறு போட்டு வைத்தாள், துணி துவைத்தாள். என்னோடு பேசவில்லை. பொள்ளாச்சி வரை நான் கொண்டுவந்து விடுகிறேன் என்றபோதும் மறுக்கவில்லை. இவர் உட்காருகிற சீட்டில் உட்காராமல் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆழியாறு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது.

“நீ போன் பண்ணாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு.”

“ஆமா” என்றேன்.

வேறு பதிலை எதிர்பார்த்திருப்பாள். சண்டை போடத் தயாராக வந்திருப்பாள். கொஞ்ச நேரம் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயிலைப் பற்றிச் சொல்லியிருந்தால் என் மேல் இருக்கிற கோபம் இறங்கியிருக்கும். அப்புறம் அந்தப் பாரத்தை அவள் ஆயுளுக்கும் தூக்க வேண்டும், தனக்காகத்தான் அப்பா அப்படிச் செய்தார் என்று. இருபத்தாறு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கோபம் பரவாயில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம்.

ஷெரினிடம் சொல்ல வேண்டாம் என்று ஹக்கீமிடமும் சொல்லிவிட்டேன். அவர், எனக்கு என்னக்கா தெரியும், ஆயில் ஒழுகியிருக்கும் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பையை நான் தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன். தலையசைத்த மாதிரி இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை கீழேயே நின்றேன். ஒரு முறை என்னைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொண்டாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அதற்காகத்தான் சாத்தியிருப்பாள்.